பாடிக் காட்டு, அப்புறம் வாசி: ஒரு வயலின் மாஸ்டர் கிளாஸில் இருந்து நமக்கான பாடம்



'மாஸ்டர் கிளாஸ்' என்று சொன்னதும் இன்றைக்கு நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஏதாவது ஆன்லைன் கோர்ஸ் விளம்பரம்தான். ஆனால் அந்த வார்த்தை சங்கீத உலகத்தில் இருந்து வந்தது. அங்கே அதற்கு ரொம்பத் தெளிவான அர்த்தம் உண்டு. இந்தக் கட்டுரையில் அது என்ன, எப்படி நடக்கும், அதில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று பார்ப்போம். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவது 1979-ல் சீனாவில் நடந்த வகுப்புகள். நடத்தியவர் அமெரிக்க வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன். வயலின் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். நடுவில் கொஞ்சம் பிசிக்ஸும் வரும்!

மாஸ்டர் கிளாஸ் என்றால் என்ன?

சாதாரண வகுப்பில் ஆசிரியர், மாணவர் இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். கச்சேரியில் கலைஞரும் ரசிகர்களும் இருப்பார்கள். மாஸ்டர் கிளாஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் வருவது. மேடையில் ஒரு மாணவர் தான் தயார் பண்ணிய பாட்டை வாசிப்பார். பக்கத்தில் பெரிய கலைஞர் நிற்பார். வாசித்து முடித்ததும் எல்லோர் முன்னாலும் திருத்துவார். "அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி" என்பார். சில சமயம் தானே வாசித்துக் காட்டுவார். அரை மணி நேரம் போனதும் அடுத்த மாணவர் வருவார். அரங்கில் உட்கார்ந்திருக்கிற மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட். 1869-ல் தொடங்கி 1886-ல் இறக்கும் வரை, ஒவ்வொரு வருடமும் சில மாதங்கள் ஜெர்மனியின் வைமர் நகரத்தில் இப்படிக் கூட்டாகப் பாடம் நடத்தினார். கட்டணம் வாங்கவில்லை. ஒருவர் தப்பு பண்ணும்போது பத்துப் பேர் கற்றுக்கொள்ளலாம் என்பதுதான் இதன் அடிப்படை. நம் லேபில் ஒரு பேட்ச் சர்க்யூட்டைத் தப்பாக இணைத்தால், சார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

யார் இந்த ஐசக் ஸ்டெர்ன்?

1920-ல் இன்றைய உக்ரைனில் இருக்கும் கிரெமெனெட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நாவும் பிளிண்டர் என்பவரிடம் வயலின் படித்தார். தனக்குத் தானே கற்றுக்கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று ஸ்டெர்ன் கடைசி வரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். 1960-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலை இடிக்க இருந்தபோது போராடி அதைக் காப்பாற்றியவரும் இவரே. அந்தப் பெரிய அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர்தான்.

அமெரிக்காவும் மக்கள் சீனமும் முறையான தூதரக உறவைத் தொடங்கியது 1979 ஜனவரி 1-ஆம் தேதி. அதே வருடம் ஜூன் மாதம், சீன அரசின் அழைப்பில் ஸ்டெர்ன் பெய்ஜிங் போய் இறங்கினார். அப்போது அவருக்கு 58 வயது. கூடவே பியானோ கலைஞர் டேவிட் கோலப், குடும்பத்தினர், மர்ரே லெர்னர் என்ற இயக்குநரின் படக்குழு. கச்சேரி, ஒத்திகை, மாஸ்டர் கிளாஸ் எல்லாவற்றையும் படம்பிடித்தார்கள். அதுதான் 'ஃப்ரம் மாவோ டு மொசார்ட்' என்ற ஆவணப்படம். 1981-ல் சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

பின்னணி: அந்தப் பத்து வருடங்கள்

வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே நடந்தது புரியாது.

சீனாவுக்கு வயலின் புதுசு கிடையாது. ஷாங்காய் இசைக் கல்லூரி 1927-லேயே தொடங்கியது. 1959-ல் அதே கல்லூரியின் இரண்டு மாணவர்கள் சேர்ந்து, ஒரு பழைய சீனக் காதல் கதையை வைத்து எழுதிய 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' வயலின் கான்செர்ட்டோ இன்றைக்கும் உலகம் முழுக்க வாசிக்கப்படுகிறது.

1966-ல் கலாச்சாரப் புரட்சி வந்தது. 1976 வரை நீடித்தது. மொசார்ட், பீத்தோவன் எல்லாம் 'முதலாளித்துவச் சங்கீதம்' என்று ஒதுக்கப்பட்டார்கள். இசைக் கல்லூரிகளின் பாடங்கள் நின்றன. ஆசிரியர்கள் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தப்பட்டார்கள். சிலர் தற்கொலை பண்ணிக்கொண்டார்கள். ஷாங்காய் கல்லூரியின் தலைவரான இசையமைப்பாளர் ஹே லூட்டிங்கைத் தொலைக்காட்சியிலேயே விசாரித்தார்கள். தான் குற்றவாளி இல்லை என்று அவர் அங்கேயே சத்தம் போட்டார்.

இதில் ஒரு வினோதமும் உண்டு. வயலின் முழுசாக ஒழிந்துவிடவில்லை. அரசு அனுமதித்த புரட்சி நாடகங்களிலும் பாலே நடனங்களிலும் மேற்கத்திய வாத்தியங்கள் இருந்தன. அதனால் வாசிக்கிற கைகள் இருந்தன. ஆனால் அந்த வாத்தியத்துக்காக எழுதப்பட்ட இருநூறு, முந்நூறு வருடத்துப் படைப்புகள் போய்விட்டன. அதைச் சொல்லித்தருகிறவர்களும் போய்விட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், கீபோர்டில் வேகமாக டைப் பண்ணத் தெரியும், ஆனால் படிக்க ஒரு புத்தகமும் இல்லை என்கிற நிலைமை.

வகுப்பில் நடந்தது: "பாடு!"

இப்போது வகுப்புக்குள் போகலாம். அரங்கு நிறைய மாணவர்கள், ஆசிரியர்கள். மேடையில் ஒவ்வொருவராக வந்து வாசிக்கிறார்கள். விரல்கள் சுத்தமாக ஓடுகின்றன. சுருதி நிற்கிறது. கஷ்டமான இடங்களையும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் கேட்கிறவருக்கு ஏதோ ஒன்று குறைகிறது. எல்லா ஸ்வரமும் ஒரே நிறத்தில், ஒரே கனத்தில் வருகிறது.

ஸ்டெர்ன் ஒரு மாணவியை நிறுத்துகிறார். வயலினைக் கீழே இறக்கச் சொல்கிறார். இப்போது வாசித்த அந்த வரியைப் பாடச் சொல்கிறார். அந்தப் பொண்ணுக்கு ஒரே வெட்கம். அவ்வளவு பேர் முன்னால் பாடுவதா? கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு மெல்லிய குரலில் பாடுகிறாள். பாடும்போது தானாகவே ஒரு இடத்தில் குரல் ஏறுகிறது, இன்னொரு இடத்தில் தணிகிறது, வரி முடியும் இடத்தில் மூச்சு விடுகிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. "இப்போ பாடின மாதிரியே வாசி" என்கிறார் ஸ்டெர்ன். வாசிக்கிறாள். அதே பொண்ணு, அதே வயலின், அதே ஸ்வரங்கள். ஆனால் சத்தம் வேறு! அரங்கமே கைதட்டுகிறது.

கவனியுங்க, அவர் புதுசாக ஒரு விரல் வித்தையும் சொல்லித்தரவில்லை. அவளுக்குள் ஏற்கனவே இருந்ததை வெளியே எடுக்க ஒரு வழி காட்டினார். அவ்வளவுதான்.

ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகையிலும் இதே கதைதான். மொசார்ட் 19 வயதில், 1775-ல் எழுதிய ஜி மேஜர் வயலின் கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டார்கள். நடத்துநர் லி தெலுன். மொசார்ட்டின் காலம் நிலப்பிரபுத்துவத்தில் இருந்து தொழில் சமூகத்துக்கு மாறிய காலம் என்று அவர் விளக்கம் சொல்ல, ஸ்டெர்ன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மேதைமையை அப்படி வரலாற்றுக் கணக்கில் அடைக்க முடியாது என்பது அவர் கட்சி. பேச்சு அங்கே முடிந்து, வாசிப்பு தொடங்கியது. முதலில் ஆர்க்கெஸ்ட்ரா விறைப்பாகத்தான் வாசித்தது. ஸ்டெர்ன் வயலினை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டக் காட்ட, அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக இளகினார்கள். கொள்கை விவாதத்தில் முடியாதது, கேட்டு வாசித்ததில் முடிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? கொஞ்சம் பிசிக்ஸ்

'பாடிவிட்டு வாசி' என்பது கேட்பதற்கு ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வில் எப்படிச் சத்தம் எழுப்புகிறது என்று பார்த்தால் புரியும்.

வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. அதில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்திருப்பார்கள். வில்லை இழுக்கும்போது தந்தி முடியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே போகும். இழுவிசை தாங்காமல் 'சடக்'கென்று வழுக்கித் திரும்பும். மறுபடி ஒட்டும், மறுபடி வழுக்கும். நிலை உராய்வு அதிகம், நகர்வு உராய்வு குறைவு என்று முதல் வருட பிசிக்ஸில் படித்தோமே, அதேதான். வயலினின் 'ஏ' தந்தி 440 ஹெர்ட்ஸ். அப்படியென்றால் ஒரு வினாடிக்கு 440 தடவை இந்த ஒட்டலும் வழுக்கலும் நடக்கிறது!

இந்த அசைவை 19-ஆம் நூற்றாண்டில் முதலில் விளக்கியவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதை முழுமையான இயக்கவியல் கோட்பாடாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நம்ம சர் சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்குவதற்கு முன்னால், கல்கத்தாவில் இருந்தபடி 1918-ல் வில் தந்தி அதிர்வுகளைப் பற்றி ஒரு முழு ஆய்வு நூலே வெளியிட்டார். வில்லைக் கொண்டு வாசிக்க இயந்திரம் செய்தும் சோதனை பண்ணினார்.

வயலின்காரரின் வலது கையில் மூன்று அளவுகள் இருக்கின்றன:

1. வில்லின் வேகம்
2. வில் தந்தியை அழுத்தும் விசை
3. குதிரையில் இருந்து, அதாவது பிரிட்ஜில் இருந்து, எவ்வளவு தூரத்தில் வில் படுகிறது என்பது

வேகத்தைக் கூட்டினால் ஒலி பெருகும். குதிரைக்குப் பக்கத்தில் போனாலும் பெருகும். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும், ஒவ்வொரு வேகத்துக்கும் தேவையான விசைக்கு ஒரு கீழ் எல்லையும் ஒரு மேல் எல்லையும் உண்டு. கீழே போனால் சத்தம் மெலிந்து காற்று மாதிரி ஆகிவிடும். மேலே போனால் கரகரவென்று கதவு திறக்கிற சத்தம் வரும். குதிரையை நெருங்க நெருங்க இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். இதை ஜான் ஷெல்லெங் என்பவர் 1973-ல் ஒரு வரைபடமாகவே போட்டார்.

இப்போது யோசித்துப் பாருங்க. ஒரு வரியில் பன்னிரண்டு ஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள். அவை ஒன்றையொன்று பாதிக்கின்றன. வாசிக்கும்போது இத்தனையையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு மாற்ற யாராலும் முடியாது. "மூணாவது ஸ்வரத்தில் அழுத்தத்தைக் குறை, வேகத்தைக் கூட்டு" என்று சொல்லிக்கொண்டே போனால் மாணவர் குழம்பித்தான் போவார். ஆனால் வரியின் வடிவம் மனசில் தெளிவாக இருந்தால், பயிற்சி பெற்ற கை அந்த வடிவத்தை நோக்கித் தானாக எல்லாவற்றையும் சரிபண்ணிக்கொள்ளும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்கள் இப்படிப் பார்க்கலாம்: ஸ்டெர்ன் தொட்டது கன்ட்ரோலரை அல்ல, ரெஃபரன்ஸ் சிக்னலை. அந்த மாணவியின் கை நன்றாகத்தான் இருந்தது. எதை நோக்கி வாசிக்க வேண்டும் என்பதுதான் இல்லாமல் இருந்தது.

நம்ம ஊரில் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வரிசையைப் பாடவைத்துவிட்டுத்தான் வாசிக்கச் சொல்வார்கள். குரலைப் பின்தொடர்வதுதான் அங்கே வாத்தியத்தின் வேலையே.

சின்னப் பசங்களும் பெரியவங்களும்

படத்தில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இது. சுற்றுப்பயணத்தில் ஸ்டெர்ன் ஒரு விஷயத்தைக் கவனிக்கிறார். எட்டில் இருந்து பதினொரு வயதுக் குழந்தைகள் பிரமாதமாக வாசிக்கிறார்கள். பதினேழு முதல் இருபத்தொன்று வயதுக்காரர்கள் அந்த அளவுக்கு இல்லை. வழக்கமாகத் தலைகீழாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் இப்படி?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் வரும். 1979-ல் இருபது வயது என்றால் 1966-ல் ஏழு வயது. வயலின் கற்க ஆரம்பிக்கிற வயதில் பாடங்கள் நின்றுவிட்டன. கற்க வேண்டிய வருடங்கள் மொத்தமும் அந்தப் பத்து வருடத்துக்குள் போயிற்று. சின்னப் பசங்கள் தப்பித்தார்கள். அவர்கள் முறையாகக் கற்க வந்த நேரத்தில் கதவுகள் திறந்துவிட்டன. அந்த இளைஞர்களிடம் திறமைக்குக் குறையில்லை. அவர்களுடைய நேரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட நம் வயசுதான் அவர்களுக்கு.

அந்தக் குழந்தைகளில் ஒருவன் பத்து வயது ஜியான் வாங். செல்லோ வாசித்தான். பிற்பாடு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்து, உலக அளவில் பெயர் பெற்ற செல்லோ கலைஞர் ஆனார்.

சரி, அந்தக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சில வாரம் வந்துபோன ஸ்டெர்ன் அல்ல. படத்தின் பிற்பகுதியில் ஒரு பெரியவர் பேசுகிறார். பெயர் தான் ஷூஜென். ஷாங்காய் கல்லூரியின் துணைத் தலைவர், வயலின் ஆசிரியர், வயலின் செய்யவும் தெரிந்தவர். வெளிநாட்டவர்களே நிறைந்திருந்த ஷாங்காய் மாநகராட்சி ஆர்க்கெஸ்ட்ராவில் 1927-ல் சேர்ந்த முதல் சீனர். கலாச்சாரப் புரட்சியில் தன்னை ஒரு இருட்டான சின்ன அறைக்குள் ஒரு வருடத்துக்கும் மேல் பூட்டிவைத்ததையும், சக ஆசிரியர்கள் பட்ட பாட்டையும் நிதானமாகச் சொல்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. அப்படி நடத்தப்பட்டவர்கள்தான் திரும்பி வந்து, அதே கல்லூரியில் மறுபடி குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.

மாஸ்டர் கிளாஸின் எல்லை இங்கே தெரிகிறது. அரை மணி நேரத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து காட்டலாம். வில் பிடிக்கும் கையைப் புதுசாக உருவாக்க முடியாது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற வாத்தியார் இல்லாவிட்டால் மேடையில் வந்த மாற்றம் மேடையோடு போய்விடும். ஸ்டெர்ன் சொன்னது அந்தக் குழந்தைகளிடம் பற்றிக்கொண்டதென்றால், பற்றிக்கொள்ளும்படி ஏற்கனவே ஒருவர் தயார் பண்ணி வைத்திருந்தார் என்று அர்த்தம். கைதட்டல் ஸ்டெர்னுக்குக் கிடைத்தது. பாதியாவது அந்த வாத்தியார்களுக்குச் சேர வேண்டியது.

நீங்க ஒரு மாஸ்டர் கிளாஸ் பார்க்கும்போது

பெரிய கலைஞர்களின் மாஸ்டர் கிளாஸ் வீடியோக்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. சும்மா ஓடவிட்டுப் பார்த்தால் பொழுதுபோக்கு. இப்படிப் பார்த்தால் பாடம்:

1. மாணவர் முதல் தடவை வாசித்து முடித்ததும் வீடியோவை நிறுத்துங்க. உங்களுக்கு என்ன குறை பட்டது என்று ஒரு வரி எழுதுங்க. இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "போர் அடிச்சது" என்றுகூட எழுதலாம்.

2. ஆசிரியர் எதை முதலில் தொடுகிறார் என்று பாருங்க. பத்துக் குறை இருந்தாலும் நல்ல ஆசிரியர் ஒன்றைத்தான் எடுப்பார். ஏன் அதை எடுத்தார் என்று யோசிங்க. பெரும்பாலும் அந்த ஒன்று சரியானால் வேறு நாலும் சேர்ந்து சரியாகும்.

3. திருத்துவதற்கு முன், பின் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்க. வித்தியாசம் கேட்கவில்லையென்றால் இன்னொரு தடவை. காது பழக நேரமாகும்.

4. மாணவரின் முகத்தைப் பாருங்க. எல்லோர் முன்னாலும் தப்பைக் கேட்டுக்கொண்டு, உடனே மறுபடி வாசிப்பது சாதாரண விஷயமில்லை. அந்தத் தைரியமும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

இன்னும் ஒன்று. செமினாரோ பிராஜெக்ட் ரிவ்யூவோ வரும்போது ஸ்டெர்னின் வழியை முயற்சி பண்ணலாம். ஸ்லைடை மூடிவிட்டு, உங்க பிராஜெக்ட் என்ன செய்கிறது என்று ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு இரண்டு நிமிடம் வாயால் சொல்லுங்க. எங்கே குரல் ஏறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று அவனையே கவனிக்கச் சொல்லுங்க. ஏறுகிற இடம் உங்களுக்குப் புரிந்த இடம். தடுமாறுகிற இடத்தைத் திரும்பப் படிக்கணும். அதற்கப்புறம் ஸ்லைடு போடுங்க.

ஸ்டெர்ன் 1999-ல் மறுபடி சீனா போனார். 2001-ல் காலமானார். தான் ஷூஜென் அதற்கு அடுத்த வருடம், 2002-ல் காலமானார். படம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்டர்னல் முடிகிற வாரக் கடைசியில் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்து பாருங்க. அந்தப் பொண்ணு பாடுகிற இடம் வரும்போது கொஞ்சம் வால்யூமைக் கூட்டி வைங்க. ரொம்ப மெதுவாகத்தான் பாடுவாள்.